திரும்பி வந்த நாய்கள்: சவ்வாது மலை மலையாளிகளின் தோற்றக்கதையும் அதன் வாசிப்புகளும்

வட்டார வரலாற்றாய்வில் ஒரு குடியின் தோற்றக்கதை பெரும்பாலும் இடப்பெயர்ச்சிச் சான்றாகவே கையாளப்படுகிறது. எங்கிருந்து வந்தனர், எப்போது வந்தனர் என்னும் இரு வினாக்களுக்கு விடை கிடைத்ததும் கதை ஒதுக்கப்படுகிறது. சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக்கதைக்கு நேர்ந்ததும் இதுவே. இங்கு ‘மலையாளி’ என்பது மலையை ஆள்பவர் என்னும் பொருளது. கேரள மக்களைக் குறிப்பதன்று.

வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் இடம்பெற்று, எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளின் வழியாகப் பரவலாக அறியப்பட்ட அக்கதை வருமாறு: கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கின்றனர். ஏளனத்தோடு மறுக்கப்படவே, ஏழு கன்னியரைக் கவர்ந்து செல்கின்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்படுகின்றனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாம் இறந்துவிட்டதாகக் கொண்டு ஈமக்கடன் செய்யுமாறு மனைவியரிடம் கூறிச் செல்கின்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரிதின் முயன்று கரையேற, நாய்கள் பாதியாறு நீந்தித் திரும்பிவிடுகின்றன. வேடரைக் கொன்று ஊர் மீண்டவர்களுக்குத் தம் ஈமச்சடங்கு முடிந்துவிட்டதும் மனைவியர் கைம்பெண்களாகிவிட்டதும் தெரியவருகின்றன. சாதியிழந்த அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து சவ்வாது மலையேறி உழவராகின்றனர்.

இதனைப் பதிந்தவர் சக ஆண்டு 1055 என்னும் காலக்குறிப்பையும், கதை ஓலைச்சுவடியாக மலையாளிகளிடம் பேணப்பட்டது என்னும் செய்தியையும் தருகிறார். ஆண்டும் சுவடியும் சேர்ந்ததும் கதைக்கு ஆவணத்தின் மதிப்பு வந்துவிடுகிறது. மலையாளிகள் சமவெளியிலிருந்து அண்மைக் காலத்தில் குடியேறிய தமிழரே என்னும் தர்ஸ்டனின் கருத்து பின்வந்த ஆய்வுகளிலும் மீள மீள ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஏழு ஆடவர், ஏழு கன்னியர், ஏழு நாய்கள் என்னும் வாய்மொழி எண்ணமைப்பை ஏற்காமல் விட்டு, ஆண்டை மட்டும் வரலாறாக ஏற்பது முறையான மூலத் திறனாய்வு ஆகாது.

கதையின் மையம் பயணத்தில் இல்லை. உயிரோடிருப்பவர் இறந்தவராக்கப்படுவதில் உள்ளது. ஆடவர் காஞ்சியை விட்டு நீங்க விரும்பியவர் அல்லர். கடமை முடித்துத் திரும்பியவர். வாயிலில் நிற்கும் மனிதரைவிட முன்னரே வந்து சேர்ந்த நாய்களின் சாட்சியம் வலிதாகிறது. இவ்வட்டாரத்தில் நாய்க்குச் சான்றாண்மை புதிதன்று. மலையடிவாரச் செங்கம் பகுதியில், மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சுட்டிப் போற்றுகிறது. நின்ற நாய்க்குக் கல் கிடைத்தது. திரும்பிய நாய்களால் ஏழு குடும்பங்கள் கலைந்தன. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டச் சான்று இல்லை. எனினும் நாயின் செயலை மனிதரின் வாழ்வுக்கும் சாவுக்கும் அளவுகோலாக்கும் மனப்பாங்கு இரண்டிலும் உண்டு.

காரைக்காட்டு வேளாளர் என்னும் பெயரில் உயர்நிலை உரிமைகோரல் இருப்பதை மறுக்க இயலாது. கவுண்டர் என்னும் பட்டமும் மலையாளிகளிடையே வழங்குகிறது. ஆயின் அதே கதை, அந்த உயர்நிலை திருப்பித்தரப்படவில்லை என்பதையும் சொல்கிறது. மேலும் இக்குடியின் முதல் தாயர் வேடர்குலப் பெண்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தாரைப் பற்றிய சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிக் கதையிலும் காஞ்சியிலிருந்து வந்த ஆடவர் வேற்றுக்குலப் பெண்களையே மணக்கின்றனர். தந்தைவழியை மட்டும் எண்ணி ‘மலையேறிய வேளாளர்’ என முடிவுகட்டும் ஆய்வாளர், கதை வெளிப்படையாகக் கூறும் தாய்வழியைக் கணக்கில் கொள்வதில்லை. தகப்பன் ஊரைக் கேட்டவர் தாயின் காட்டைக் கேட்கவில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் பிழையன்று. 1965ஆம் ஆண்டு லோகூர் குழு தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம் முதலியவற்றைப் பழங்குடித் தகுதிக்கு அளவைகளாகக் கொண்டது. ‘வேளாளர் வழிவந்தோர்’ என்னும் வாசிப்பு அத்தகுதிக்கு எதிரான வாதமாக எளிதில் மாறக்கூடியது. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலோ மலையாளிகளைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்குள் வரையறுக்கிறது. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லாமையால், அதிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழ்வோர் நெடுங்காலமாகச் சான்றிதழ் கோரி வருகின்றனர். மாவட்ட எல்லையால் ஒரு சாரார் பழங்குடியினர் ஆகவும் மற்றொரு சாரார் ஆகாமலும் இருக்கும் சூழலில், தோற்றக்கதையை எவ்வாறு வாசிப்பது என்பது ஆய்வாளரின் தனி விருப்பம் மட்டுமன்று.

அச்சேறிய வடிவில் கதை சொன்னவர் ஆணா பெண்ணா, எந்தச் சடங்கில் அல்லது எச்சூழலில் சொல்லப்பட்டது என்னும் குறிப்புகள் இல்லை. களஆய்வில் இவற்றைப் பதிந்து மாற்று வடிவங்களைத் திரட்டாமல் அக்கையேட்டையே மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது போதாது. குறிப்பாக ஒரு வினா எஞ்சுகிறது. யாரை மீட்க ஏழு பேரும் ஆறு கடந்தனரோ, அந்த ஏழு கன்னியர் வேடர் கொல்லப்பட்ட பின் என்ன ஆயினர் என்பதை அச்சு வடிவம் கூறவில்லை. மலைப்பெண்கள் சொல்லும் வடிவங்களில் அவர்களைத் தேட வேண்டும்.