கணினிப் படிமங்களில் ஒளியின் நிறம்: ஒரு விமர்சன நோக்கு

இன்னும் கட்டப்படாத வீடொன்றின் வரவேற்பறையைக் கணினி வரைந்து தருகிறது. மாலை வெயில் பொன்னிறமாகத் தரையில் விழுகிறது. மூலையில் ஒரு விளக்கு எரிகிறது. படிமம் உருவாகி முடிந்தபின், போட்டோஷொப் போன்றதொரு மென்பொருளில் ஒருவர் அமர்ந்து ஏற்றிய நிறமாகவும் அவ்வெயில் இருக்கலாம். இச்செயலைப் பொய்யென ஒதுக்குவோர் உளர். வெறும் இரசனை சார்ந்த விடயமென விட்டுவிடுவோரும் உளர். இரு சாராரும் இத்தொழில்நுட்பத்தின் உள்ளியல்பை நோக்கத் தவறியுள்ளனர் என்பதே எமது கருத்து.

ஒளி கூட்டல் இயல்புடையது. இரு விளக்குகள் ஒருங்கே எரியும் அறையின் தோற்றம், அவை தனித்தனியே எரியும்போது பெறப்படும் இரு தோற்றங்களின் கூட்டுத்தொகையே. 1992 இல் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த போல் ஹேபர்லி இதனை ஒளிப்படங்களிலேயே செய்து காட்டினார். ஒரே காட்சியை வெவ்வேறு விளக்கொளியில் படம்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நிறத்தை அளித்துக் கூட்டினார். 2020 இல் வெளிவந்த வி-ரே 5 மென்பொருளின் ‘லைட்மிக்ஸ்’ வசதியும் இதே தத்துவத்தின் வழிவந்ததாகும்.

சிவப்புக் கம்பளத்தின் மேல் ஒரு வெள்ளை விளக்கு எரிவதாகக் கொள்வோம். கம்பளத்திற் பட்டுத் தெறிக்கும் ஒளி, அருகிலுள்ள வெண்சுவரில் மெல்லிய செம்மையைப் படர்விக்கிறது. இவ்விளக்கை நீலமாக்க வேண்டும். அதற்குரிய தனிப்படலத்தில் சிவப்பு, பச்சைக் கூறுகளைக் குறைத்தால் கம்பளம் இருளும். சுவரின் செம்மையும் உடன் மங்கும். முடிந்த படிமத்தின் மேல் நீலத்தை மெல்லிதாகப் பூசினாலோ, சுவர் தன் செம்மையை விடாது ஊதாவாகும். காரணம் நீங்கிய பின்னும் காரியம் எஞ்சி நிற்கிறது! பெருக்கல் முறையிற் பூசினாலும், சாளரத்தின் வழி வந்த பகலொளியும் சேர்ந்து நீலமாகிவிடும்.

எண்களைக் கூட்டும் முறையிலும் தவறு நேர்வதுண்டு. வழமையான திரைப்படிமத்தில் 255 க்கு 128 எனக் குறிக்கப்படும் சாம்பல், முழு வெண்மையின் பாதி ஒளியன்று. ஏறத்தாழ 22 சதவீதமே. அக்குறியீட்டெண்களை அப்படியே கூட்டுபவர் ஒளியைக் கூட்டியவராகார். ஒளியளவை நேர்விகிதத்தில், வெண்மையின் எல்லைக்கு அப்பாலும் பேணவல்ல ஓப்பன் இ.எக்ஸ்.ஆர். கோப்பு வடிவம் 2003 இலேயே பொதுப் பயனுக்கு வெளியிடப்பட்டதாகும்.

ஆயினும் கணக்குச் சரியாயிருப்பது மட்டும் போதுமா? சூரியனுக்குரிய படலத்தை மும்மடங்காக்குவதும் கணக்கின்படி பிழையற்றதே. அத்தகைய சூரியன் எந்நாட்டிலும் உதிப்பதில்லை. 2700 கெல்வின் மின்குமிழைக் கடையில் வாங்கிவிடலாம். அயற்கட்டடத்தின் நிழலிற் கிடக்கும் அறைக்கு வெயிலை எங்கு வாங்குவது? வாழ்நாட் சேமிப்பை முற்பணமாகக் கொடுப்பவர் இவ்வெயிலை நம்பியே கொடுக்கிறார். வரைந்தவரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. அவர் பெரும்பாலும் விற்பவரின் கட்டளைக்குக் கூலி பெறும் உழைப்பாளி. பிரிக்கப்பட்ட படலங்கள் விற்பவரின் பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. வாங்குபவருக்குக் கிடைப்பது யாவும் கலந்து தட்டையாக்கப்பட்ட ஒற்றைப் படிமமே. எந்த ஒளி கட்டடத்துக்குரியது, எது விளம்பரத்துக்குரியது என அவராற் பிரித்தறிய இயலாது.

அறை எத்திசை நோக்கியது, காட்டப்படுவது எம்மாதத்தின் எவ்வேளை, எப்படலம் எத்தனை மடங்கு கூட்டப்பட்டது என மூன்று வரிகளைப் படிமத்தின் அடியிற் பொறிக்கும்படி நாம் கோரலாம். அவ்விபரங்கள் யாவும் வரைந்தவரின் கோப்பில் ஏற்கெனவே உள்ளன.