ஊறலுக்கு அப்பால்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. பாக்கெட்டில் விற்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. அந்தத் தெருவில் வளர்ந்த ஒருவர் நாளை ஒரு குறும்படம் எடுக்க நினைத்தால், அது குற்றப்படமாகத்தான் அமையும். அவருக்குத் தமிழ் சினிமா என்ன வைத்திருக்கிறது?

முதலில் தெரிவது 'நாளைய இயக்குநர்' வழி. கலைஞர் தொலைக்காட்சியின் அந்த நிகழ்ச்சி குறும்படத்தை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அதில் வளர்ந்த கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா' (2012) எடுத்தார். நலன் குமாரசாமி 'சூது கவ்வும்' (2013) எடுத்தார். குறைந்த செலவில் கதையை விறுவிறுப்பாக நகர்த்தும் கைத்திறனை இங்கே கற்கலாம். ஆனால் திருப்பத்தை நம்பி ஓடும் இந்தப் பாணியில் இறந்தவரின் வீட்டுக்கு அதிக இடமில்லை.

இன்னொரு வழி, பட்டவர்களிடமிருந்து வருவது. ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூரில் காவல்துறையிடம் தான் பட்டதை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். வெற்றிமாறன் அதிலிருந்து 'விசாரணை'யை (2015) உருவாக்கினார். அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்து முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவின் 1993 காவல் மரணத்தைப் பின்னணியாகக் கொண்ட 'ஜெய் பீம்' (2021), கணவனைத் தேடும் மனைவியோடு நடக்கிறது. தன் சகோதரிக்கு நேர்ந்த அவமானத்திலிருந்து பி.எஸ். வினோத்ராஜ் 'கூழாங்கல்' எடுத்தார். 2021-இல் ரோட்டர்டாமில் புலி விருது பெற்றார். மாரி செல்வராஜின் 'வாழை' (2024) அவருடைய பிள்ளைப் பருவத்து இழப்பு. இவற்றில் 'யார் செய்தது' என்ற கேள்வியைவிட 'இது எப்படி நடக்க முடிந்தது' என்ற கேள்வியே கனமானது. கருணாபுரத்துக்கும் அதுவே பொருந்தும்.

இங்கே இயக்குநரின் கண் உடனே அருகிலுள்ள கல்வராயன் மலைக்குப் போகும். மூடுபனி, ஓடை, 'சாராய ஊறல் அழிப்பு' என்று ஆண்டாண்டாய் வரும் செய்தி எல்லாம் காட்சிக்குத் தோதானவை. அங்கேதான் தவறு நேரும். ஊறலில் போடுவது வெல்லமும் மரப்பட்டையும். இத்தனை பேரைக் கொன்ற மெத்தனாலோ ஆலைகளில் புழங்கும் வேதிப்பொருள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலையாளிப் பழங்குடியினரைக் காட்டின் இருட்டில் குற்றவாளியாக நிறுத்தும் படம், கொலைச் சரக்கு வந்த பாதையை மறைத்துவிடும். கேமரா பின்தொடர வேண்டியது ஒரு மெத்தனால் கேனை: எங்கே கிளம்பியது, எத்தனை கை மாறியது, யார் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள்.

குறும்படத்துக்கான கால அளவும் இந்த நஞ்சிலேயே இருக்கிறது. மெத்தனாலை உடல் ஃபார்மிக் அமிலமாக மாற்றச் சில மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகே வயிற்றுவலியும் வாந்தியும் பார்வை மங்கலும். குடித்தவர் வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளையோடு பேசிவிட்டுப் படுக்கும் அந்த நேரத்தை மட்டும் படமாக்கினால் போதும். ஒரு வீடு, இரண்டு நடிகர், ஓர் இரவு. பார்வையாளருக்குத் தெரிந்தது வீட்டாருக்குத் தெரியாது. சாவைக் காட்டவே தேவையில்லை.

2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சாவுகள் குறித்த வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஆகவே வழக்கைப் பாதிக்காதபடி உண்மைப் பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்ப்பதைத் திட்டமிடும்போதே முடிவுசெய்ய வேண்டும். மலையில் எடுப்பதானால் வனத்துறை அனுமதியும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: திரைக்கதையின் முதல் வரைவை இழந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காட்சி, எவ்வளவு அழகானதாக இருந்தாலும், படத்தில் வேண்டாம்.