பழைய குற்றமும் பாவமறியா மகளும்: ‘மகாராஜா’ திரைப்படம் குறித்து

மறைத்து வைத்த குற்றம் என்றேனும் ஒருநாள் வெளிப்பட்டே தீரும் என்பதை உலகின் பெருங்கதை மரபுகள் யாவும் ஒப்புக்கொண்டுள்ளன. கிரேக்க நாடகாசிரியர் சோபக்கிளிசு படைத்த ஈடிப்பசு மன்னன், கொலையாளியைத் தேடிப் புறப்பட்டு, அக்கொலையாளி தானே என்பதைக் கண்டு நிலைகுலைகிறான். நமது சிலப்பதிகாரமோ கோவலனின் சாவுக்கு முற்பிறப்புக் குற்றம் ஒன்றைக் காரணமாகக் கூறுகிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயருடன் அரசப் பணியில் இருந்த அவன், சங்கமன் என்ற வணிகனைப் பகைவரின் ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். அவ்வணிகனின் மனைவி நீலியின் சாபமே மதுரையில் அவனை வந்தடைந்தது என்கிறார் இளங்கோவடிகள்.

தமிழ்த் திரையுலகில் இம்மரபு வேறு வடிவம் கொண்டது. 1995-இல் வெளிவந்த ‘பாட்ஷா’வில், ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தின் மறைந்த வாழ்வு வெளிப்படும் கணத்தில் திரையரங்கமே ஆர்ப்பரித்தது. 2023-இல் வந்த ‘லியோ’வும் ஏறத்தாழ அதே வழியில் செல்வதுதான். இத்தகைய படங்களில் நாயகனின் இருண்ட கடந்தகாலம் அவன் கழற்றி வைத்த மணிமுடியாக மாறிவிடுகிறது. அம்முடியின் கீழ் நசுங்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 2024 ஜூன் 14 அன்று வெளிவந்த நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ அந்தக் கேள்வியைக் கேட்க முனைகிறது. விஜய் சேதுபதி நடித்த ஐம்பதாவது படம் இது. அதே ஆண்டு நவம்பரில் சீனாவிலும் திரையிடப்பட்டது. இத்துணைப் பேர் கண்டு பாராட்டிய ஒரு படைப்பு நமக்குள் எதை விதைக்கிறது என ஆராய்வது தகும்.

சிரிப்பு செய்யும் வேலை

மகாராஜா என்பவர் சென்னையில் முடிதிருத்தும் தொழில் செய்பவர். தமது வீட்டில் திருடர் புகுந்து ‘லட்சுமி’யைத் தூக்கிச் சென்றுவிட்டனர் என்று காவல் நிலையத்தில் முறையிடுகிறார். லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி! காவலர்கள் எள்ளி நகையாடுகின்றனர், அடிக்கின்றனர், வெளியே தள்ளுகின்றனர். அவர் அசையவில்லை. தொட்டியைக் கண்டுபிடித்துத் தந்தால் லட்சக்கணக்கில் பணம் தருவதாகச் சொன்னதும் அந்த நிலையமே சுறுசுறுப்படைகிறது. உண்மைத் தொட்டி கிடைக்காதபோது போலித் தொட்டி ஒன்று செய்யப்படுகிறது. போலித் திருடன் ஒருவனும் ஏற்பாடு செய்யப்படுகிறான். இப்பகுதிகளில் சிரிக்காதவர் அரிது.

அந்தச் சிரிப்பையே இயக்குநர் பின்னர் நம்மிடம் கணக்குக் கேட்கிறார். தொட்டி ஒரு சாக்கு. மகாராஜா தேடுவது தம் மகள் சோதியைச் சிதைத்தவர்களை. வாங்கிய ஒவ்வோர் அடியும் உண்மைக் குற்றவாளியை நெருங்குவதற்கு அவர் கொடுத்த விலை. கூலிக்குத் திருடனாக நடிக்க வந்த நல்லசிவமே அக்குற்றவாளிகளுள் ஒருவன் என்பது தெரியவருகையில், முன்னர் நாம் கண்ட நகைச்சுவைக் காட்சிகள் யாவும் முகம் மாறி மீண்டும் நம் முன் நிற்கின்றன. எளிய மனிதர் ஒருவர் காவல் நிலையத்தில் அறைபடுவது எப்போது வேடிக்கையாயிற்று? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல்துறையினரால் தாக்கப்பட்டு ஒரு தந்தையும் மகனும் உயிரிழந்த மாநிலத்தில், இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு.

இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் கையாண்ட முறையும் இதுவே. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை அவர் சொல்ல, அரசர் கதையில் தம்மை மறந்து கொதித்தெழுகிறார். அதன்பின்னரே அச்செல்வன் நீர்தான் என்ற சொல் அவர்மீது இறங்குகிறது. கேட்பவரைக் கதைக்குள் இழுத்து, பின்பு அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பழமையான உத்தி. இப்படம் அதனை நகைச்சுவையைக் கொண்டு நிகழ்த்துகிறது.

சிலம்பும் சங்கிலியும்

கதையின் வேர் பல ஆண்டுகளுக்கு முந்தையது. அனுராக் காசியப் ஏற்றிருக்கும் செல்வம் என்னும் பாத்திரம் பகலில் அன்பான கணவன், மகளைக் கொஞ்சும் தந்தை. இரவிலோ வீடு புகுந்து கொள்ளையிட்டுப் பெண்களைக் கெடுத்துக் கொல்பவன். தன் மகளின் பிறந்த நாளுக்கென வாங்கிய தங்கச் சங்கிலியை அவன் முடிதிருத்தகத்தில் மறந்து வைத்துவிட்டுச் செல்கிறான். அதைத் திருப்பிக் கொடுக்க மகாராஜா அவன் வீடு தேடி வரும் வேளையில் காவல்துறை அவனைச் சூழ்கிறது. காட்டிக் கொடுத்தவர் இவரே என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். சிறையிலிருந்து மீண்டபின் அவன் தீர்க்க வரும் வஞ்சம், இந்தப் பொய்யான எண்ணத்தின் மேல் எழுப்பப்பட்டதே.

சிலப்பதிகாரத்தில் ஒரு சிலம்பு. இங்கு ஒரு சங்கிலி. அங்கே குற்றமற்ற வணிகனை ஒற்றன் என்றார்கள். இங்கே நேர்மையாளர் ஒருவரைக் காட்டிக் கொடுத்தவர் என்கிறான் ஒருவன். திருப்பிக் கொடுக்கப்பட்ட பொருளே பழிக்குச் சான்றாகிவிடும் இந்த முரண், படத்தின் மிகக் கூர்மையான பகுதி எனலாம். மேலும், செல்வம் தன் மகள்மீது கொண்ட அன்பு பொய்யன்று. தன் வீட்டுக் குழந்தைக்கும் பிறர் வீட்டுக் குழந்தைக்கும் இடையே அவன் எழுப்பிக்கொண்ட சுவர்தான் அவனுடைய தீமையின் இருப்பிடம். அந்தச் சுவர் சற்றுத் தாழ்வான உயரத்தில் நம் இல்லங்களிலும் இருக்கக் கூடும்.

யார் செலுத்தும் கடன்?

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். வஞ்சம் தீர்ப்பதாக எண்ணி, தன் கூட்டாளிகள் வழியே செல்வம் சிதைத்தது தான் பெற்ற மகளையே. லாரி மோதி வீடு இடிந்த விபத்தில் மனைவியையும் பெற்ற மகளையும் இழந்த மகாராஜா, குப்பைத்தொட்டி கவிழ்ந்து மூடியதால் உயிர் தப்பிய செல்வத்தின் குழந்தையைத் தம் மகளாகவே வளர்த்து வந்தார். இவ்வுண்மை வெளிப்பட்டதும் செல்வம் உயரத்திலிருந்து விழுந்து மடிகிறான். ஈரச் சிமெண்டில் பதிந்த மகளின் காலடித் தடத்தை அவன் குருதி நிரப்புகிறது.

தராசின் இரு தட்டுகளும் சரியாக நின்றுவிட்டன என்று அரங்கில் பலர் பெருமூச்சு விடுகின்றனர். எனினும், அத்தட்டைச் சமன் செய்ய வைக்கப்பட்டது எது? ஒரு பெண்ணின் உடலும் மனமும் அன்றோ! தந்தைக்குப் பாடம் புகட்ட மகளைச் சிதைப்பதைத் திரைக்கதை ஒரு திருப்பமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தாவீதின் குற்றத்துக்குப்பின் அவருடைய பச்சிளங் குழந்தை இறந்த நிகழ்ச்சி நம்மை இன்றும் கலங்கச் செய்கிறது. தந்தையின் குற்றப் பழியைப் பிள்ளை சுமக்க வேண்டியதில்லை என எசேக்கியேல் நூலின் பதினெட்டாம் அதிகாரம் தெளிவாக அறிவித்தது, அக்கலக்கத்துக்குக் கிடைத்த விடை என்றே கொள்ளலாம். அந்த விடைக்கு முந்தைய இடத்திலேயே இப்படத்தின் நீதி நின்றுவிடுகிறது. சோதி தன்னைக் கெடுத்தவன் முன் நிமிர்ந்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு; உடைந்துபோக அவள் மறுப்பதே படத்தின் மானத்தை ஓரளவு காக்கிறது. ஆயினும், அவளுக்கென ஒரு வாழ்வையும் மொழியையும் படம் முன்னரே தந்திருந்தால் அக்காட்சி இன்னும் வலிமை பெற்றிருக்கும்.

இனயம் போன்ற நமது கடலோர ஊர்களில் இக்கேள்வி திரையரங்கோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவருக்கொருவர் முகமறிந்து, தலைமுறை அறிந்து வாழும் சிற்றூர்களில் பழைய வழக்கும் பழைய சண்டையும் எளிதில் மறைவதில்லை. இது ஒருவகையில் நன்மையே. குற்றத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதில்லை. ஆனால் தந்தை என்றோ செய்த பிழை, மகளின் திருமணப் பேச்சில் தாழ்ந்த குரலில் வந்து அமர்கிறது. பள்ளி முற்றத்திலும் கடற்கரை மணலிலும் ‘இன்னான் மகன்’ என்ற சொல் ஒரு சிறுவனைச் சுடுகிறது. செல்வத்தைக் கண்டு பதைக்கும் நாம், அவனுடைய குழந்தை நம் தெருவில் வளர்ந்தால் எந்தப் பெயரால் அழைப்போம்?

இதற்கான விடையும் இப்படத்திற்குள்ளேயே இருக்கிறது. அதனை இயக்குநர் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை என்பதே நமது குறை. அது யாருடைய குழந்தை என்பது மகாராஜாவுக்குத் தெரியும். கைதானவன் எத்தகையவன் என்பதும் தெரியும். இருந்தும், இறந்துபோன தம் மகளின் பெயரையே அக்குழந்தைக்குச் சூட்டி, அவள் தலைவாரி, உணவூட்டி வளர்த்தார். தந்தையின் பாவத்தை அவர் மகள்மீது ஒருநாளும் எழுதவில்லை. அவர் எழுதாத பழியைத் திரைக்கதை எழுதிவிட்டது.

ஆகவே, குருதி நிரம்பிய காலடித் தடத்தைவிட, ஒரு குழந்தையைக் கவிழ்ந்து மூடிக் காத்த அந்த இரும்புத் தொட்டியே நம் நினைவில் நிற்கத் தக்கது. வேண்டாதன எறியும் கலத்தை அம்மனிதர் திருமகளின் பெயரால் அழைத்ததன் பொருள் அதுவே. இடிபாடுகளுக்கு நடுவே, இன்னார் பெற்றது என்று பாராமல், அது ஓர் உயிரை மூடிக் காத்தது.