எந்த இயற்பியல் நூலை வாங்கலாம்?

கல்லூரியில் சேரும் தமிழ்வழி மாணவர் பலர் இயற்பியல் நூல் வாங்கும்போது விலையையும் பழைய வினாத்தாள்களையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. விடையைச் சொல்லுமுன் அந்நூல் நம்மைச் சிந்திக்க விடுகிறதா?

தஞ்சைப் பகுதியின் நெற்களத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றில் தூற்றும்போது நெல்மணி அருகில் விழுகிறது. பதர் தள்ளிப்போய் விழுகிறது. 'எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்துடன் விழும்' என்று தேர்வில் எழுதும் மாணவர் இங்கே சற்றுத் திகைக்க வேண்டும். அவ்விதி காற்றில்லா வெளிக்கே முழுவதும் பொருந்தும். பதரின் எடை குறைவு. காற்றை எதிர்கொள்ளும் பரப்போ ஏறத்தாழ மணியின் அளவே. அதனால்தான் காற்று அதனை எளிதில் தள்ளிச் செல்கிறது. இதைத் தாமே கண்டறிந்தவர் விதியையும் மறவார், அதன் வரம்பையும் மறவார்.

தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலை இவ்வாறு சோதித்துப் பார்ப்போம். தெளிவான வண்ணப் படங்களும், படிப்படியாக விளக்கிய கணக்குகளும் அதன் சிறப்புகள். ஆனால் எடுத்துக்காட்டு வினாவின் கீழேயே 'தீர்வு' வந்துவிடுகிறது. மாணவர் முயன்று பார்க்க இடமில்லை. சிந்தனையைத் தூண்டும் வினாக்கள் அலகின் இறுதியில் ஒதுங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு தொடக்கத்திலேயே வந்திருக்கலாம்.

முயன்று கற்பதன் பயனுக்குச் சான்று உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார். தொடக்கத்தில் அறியாதிருந்தவற்றுள், பெரும்பாலும் விரிவுரையே கேட்ட வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காடு கற்றன. வினாவும் விவாதமும் கலந்த வகுப்புகள் 48 விழுக்காடு கற்றன.

தமிழில் வந்துள்ள பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' அன்றாடப் புதிர்களிலிருந்து தொடங்குகிறது. ஆயினும் வரிசையான பாடமும் பயிற்சிக் கணக்குகளும் அதில் இல்லை. எனவே அது நல்ல துணைநூல்; பாடநூலுக்கு மாற்றன்று.

கடையில் நூலைப் புரட்டும்போது இயக்க விதிகள் பகுதியைத் திறந்து பாருங்கள். 'என்ன நிகழும்? ஏன்?' என்ற வினா விளக்கத்திற்கு முன்னே இருக்கிறதா? நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டு செய்யத்தக்க சோதனை உண்டா? இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இல்லாத நூலே கையில் இருக்கிறதா? தீர்வை ஒரு தாளால் மறைத்துவிட்டு, உங்கள் விடையை முதலில் எழுதுங்கள். பிறகு தாளை நீக்கி ஒப்பிடுங்கள்; வேறுபட்டால் காரணத்தைத் தேடுங்கள். அவ்வாறு தேடுவதே இயற்பியல் கற்பது.