பொய் எங்கே பிறந்தது?

பள்ளிக்கு வராத காரணத்தை ஆசிரியர் கேட்கிறார். தாய் இறந்துவிட்டாள் என்கிறான் சிறுவன். சற்று நேரத்தில் பெற்றோர் இருவரும் பள்ளிக்கே வந்து நிற்கின்றனர். மாணவர்கள் முன்னிலையில், தந்தையின் கை மகனின் கன்னத்தில் பாய்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று கேட்போர் பலர். இப்படி ஆனது எதனால் என்று கேட்டவர் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துருஃபோ. ஆங்கிலத்தில் ‘தி 400 ப்ளோஸ்’ என வழங்கும் இப்படம் 1959-இல் வெளிவந்தது. அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசைப் பெற்றபோது துருஃபோவுக்கு வயது 27. தாம் பட்ட இளமைத் துயரையே அவர் பெரிதும் படமாக்கினார். தம்மைக் கைதூக்கிவிட்ட திறனாய்வாளர் ஆந்திரே பசானுக்கு அதனைக் காணிக்கையாக்கினார்.

பாரிசு நகரின் நெருக்கடியான சிறு வீடு ஒன்றில் வாழ்பவன் அந்துவான். பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரியும் அவன், தாய் வேற்றாடவனை முத்தமிடுவதைத் தெருவிலே காண்கிறான். தாயும் அவனைக் கண்டுவிடுகிறாள். வீட்டிலே இருவரும் வாய் திறப்பதில்லை. மகன் மறைத்தால் குற்றம். தாய் மறைத்தால் குடும்ப மானம்! உண்மை பேசு என்று கட்டளையிடும் வீட்டில் உண்மைக்கு இடம் எங்கே?

திருந்தவும் முயல்கிறான் அவன். பால்சாக்கைப் படித்து உருகுகிறான். அந்த நினைவில் கட்டுரை எழுதுகிறான். திருட்டு எழுத்து என்று ஆசிரியர் தூற்றுகிறார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் தலைகுனிய வேண்டிய கட்டம் அது! பின்னர்த் தந்தையின் அலுவலகத் தட்டச்சுப் பொறியைத் திருடுகிறான். விற்க முடியாமல் திரும்ப வைக்கச் சென்றபோது பிடிபடுகிறான். பெயர் தந்து வளர்த்த தந்தையே காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்.

சீர்திருத்த விடுதியிலேதான் உளநூல் வல்லார் ஒருவர் அவனைப் பொறுமையாகக் கேட்கிறார். அவர் முகம் திரையில் தெரிவதில்லை. குரல் மட்டுமே ஒலிக்கிறது. உண்மையைச் சொன்னாலும் நம்பாததால் பொய் சொன்னேன் என்கிறான் சிறுவன். கருவிலேயே தன்னை அழிக்கத் தாய் எண்ணியதும், பாட்டியால் தான் பிழைத்ததும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது! இத்தனையும் நெஞ்சில் சுமந்தவனை, வீட்டில் ஒருவரேனும் உட்காரவைத்துக் கேட்டதுண்டா?

பெற்றோரைக் கொடியவராகத் தீட்டவில்லை துருஃபோ. மூவரும் ஓர் இரவு படம் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வீடு திரும்புகின்றனர். அன்பு அந்த வீட்டில் அறவே இல்லாமல் இல்லை, அது நிலைக்கவில்லை. ஒருநாள் அணைப்பும் மறுநாள் அறையும், ஒருநாள் பரிசாசையும் மறுநாள் புறக்கணிப்புமாக வளரும் பிள்ளை எதைப் பற்றி நிற்பான்?

பிறவிக் குணம் என்று பிள்ளைமீது பழி போட்டுத் தப்பிக்கும் பெற்றோர்க்கு இப்படம் தரும் பாடம் இதுவே: தண்டிக்கும் முன் கேளுங்கள், கேட்டதை நம்புங்கள், பிள்ளையிடம் எதிர்பார்க்கும் உண்மையை முதலில் நீங்கள் பேசுங்கள்.

இறுதியில் விடுதியிலிருந்து தப்பியோடும் அந்துவான் கடலை அடைகிறான். அதற்கப்பால் ஓட இடமில்லை. திரும்புகிறான், நம்மை நேராகப் பார்க்கிறான், படம் அசைவற்று நிற்கிறது. இளைஞர்களே, நாளை தாயாகவும் தந்தையாகவும் ஆகப் போகிறவர்கள் நீங்கள். அந்தப் பார்வைக்கு விடை சொல்ல வேண்டியவர்களும் நீங்களே!