விற்பவர் உடலும் விலக்கும் கண்ணும்: ஓசூர் எல்லைப்புறப் பின்புலத்தில் திருநர் தன்வரலாறுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

விற்பனைப் பணிக்கு ஆள் தேரும்போது தோற்றம் ஒரு தகுதியாகக் கொள்ளப்படுகிறது. அத்தகுதியின் மறைவில் பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றின் மீதான பாகுபாடு நிகழ்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’, அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ ஆகிய தன்வரலாறுகளையும் ஷானவி பொன்னுசாமி வழக்கையும் ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியின் பின்புலத்தில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தன்வரலாறுகளை உழைப்பு இலக்கியமாகவும் வாசித்தல் வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: விற்பனைப் பணி, தோற்றம், பாலீர்ப்பு, திருநர் தன்வரலாறு, ஓசூர், எல்லைப்புறம்

முன்னுரை

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஓசூர், ஆலைகளின் நகரமாக வளர்ந்தது. ஆலைகளைச் சுற்றி வாகன விற்பனையகங்களும் துணிக்கடைகளும் கைப்பேசிக் கடைகளும் பெருகின. ஆலைக்குள் உழைப்பவரின் முகத்தைப் பொருளை வாங்குபவர் காண்பதில்லை. விற்பனையகத்திலோ பொருளுக்கு முன்பாக விற்பவர் காணப்படுகிறார். ஆகவே அங்கு ‘நல்ல தோற்றம்’ என்பது எழுதப்பட்டோ எழுதப்படாமலோ ஒரு தகுதியாகிவிடுகிறது. இத்தகுதிக்கு அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத தகுதி, தேர்வாளரின் விருப்பு வெறுப்புகளுக்கு இடம் தருகிறது. இச்சிக்கலைத் தமிழ்ப் பனுவல்கள் எவ்வாறு பதிவு செய்துள்ளன என்பதே இங்கு எழும் வினா.

அங்காடியில் பார்க்கப்படும் உடல்

இருபாலுக்குள் அடங்காத உடலைத் தமிழ் மரபு அறியாததன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்த பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைப் பால்களுக்குரிய ஈற்றைக் கொண்டே முடியும் என்றும் விதிக்கிறது. இலக்கணம் அவர்களை உயர்திணையில் வைத்தது. ஆயினும் தனி ஈறு தரவில்லை. ஆண், பெண் என்னும் இரு கட்டங்களை மட்டுமே கொண்ட விண்ணப்பப் படிவமும் இன்று இதையே செய்கிறது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகர வீதியில் பேடிக்கோலத்தில் ஆடுபவரைச் சூழ்ந்து நின்று மக்கள் காண்கின்றனர். வணிகத்தால் செழித்த அந்நகரில் அவ்வுடல் காட்சிப் பொருளாகிறது. பொருள் விற்கும் உடலாக அங்கு அது காட்டப்படவில்லை. பார்க்கப்படுதலுக்கும் பணியில் அமர்த்தப்படுதலுக்கும் உள்ள இத்தொலைவே தற்காலத் தன்வரலாறுகளின் மையச் சிக்கல்.

தன்வரலாறுகளில் வேலை

2007இல் வெளிவந்த ‘நான், சரவணன் வித்யா’ பெரும்பாலும் அடையாளப் போராட்டத்தின் கதையாகவே வாசிக்கப்பட்டுள்ளது. நூலின் மற்றொரு இழை வேலை தேடல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை பயின்ற ஒருவர், புனேயில் தொடர்வண்டிகளில் கையேந்த நேர்கிறது. கல்வியில் குறைவில்லை, பேச்சில் தடையில்லை. உருவம் ஒன்றே அவ்விரண்டையும் செல்லாதவை ஆக்குகிறது. பின்னர் மதுரையில் அவருக்குக் கிடைக்கும் அலுவலகப் பணி, ஊதியம் என்பதற்கும் மேலாக, சமூகத்தின் நேர்ப்பார்வையைப் பெறுதலாக நூலில் பொருள்படுகிறது.

நூலின் வலிமையும் வரம்பும் இங்கேயே உள்ளன. கையேந்துதலை இழிவாகவும் அலுவலகத்தை மீட்சியாகவும் நிறுத்தும்போது, வேலை தரும் அமைப்பின் மீதான விசாரணை சற்றுப் பின்தள்ளப்படுகிறது. தகுதியுடைய ஒருவர் தம்மை மெய்ப்பித்துக் காட்டினார் என்னும் செய்தி முன்நிற்கிறது. மெய்ப்பிக்கும் சுமை ஏன் அவர் மீதே விழுந்தது என்னும் வினா பின்நிற்கிறது.

ரேவதியின் ‘வெள்ளை மொழி’ இவ்வினாவுக்கு அருகில் செல்கிறது. நாமக்கல் பகுதிச் சிற்றூரில் பிறந்து, டெல்லியிலும் மும்பையிலும் வாழ்ந்து, பெங்களூரில் சங்கமா அமைப்பில் பணியாற்றிய வாழ்வு அது. குடும்பச் சொத்து, ஜமாத் உறவு, காவல்துறை வன்முறை ஆகியவற்றோடு பிழைப்பும் ஓர் அரசியலாக அதில் விரிகிறது. நாமக்கல், சேலம் பகுதியிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்தே செல்கிறது. இவ்வாழ்வுகளுக்கு இப்பகுதி வழியிடமாக அமைகிறது, வேலையிடமாக அமையவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு வழங்கும் ஓசூர்ச் சந்தைக்குப் பன்மொழி அறிவு பெருமுதல். பல மாநிலங்களில் வாழ்ந்த திருநங்கையரிடம் அம்முதல் இயல்பாகவே சேர்ந்திருக்கக் கூடும். நேர்காணலில் மொழித்திறன் எண்ணப்படும் முன்பே உருவம் எண்ணப்படுவதால், சந்தை தனக்கு வேண்டியதையே இழக்கிறது.

எல்லையின் மறுபுறத்தில், வித்யாவின் தன்வரலாறு ‘நானு அவனல்ல அவளு’ என்னும் கன்னடத் திரைப்படமாயிற்று. 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருதும் சிறந்த ஒப்பனைக்கான விருதும் இப்படத்திற்குக் கிட்டின. நடிகரும் ஒப்பனையாளரும் உருவாக்கிய தோற்றம் பரிசு பெற்றது. அத்தோற்றத்தையே வாழ்வாகக் கொண்டவருக்கு அது பணியிடத் தடையாயிற்று.

தோற்றத்தின் வழி ஊகிக்கப்படும் பாலீர்ப்பு

நேர்காணல் அறையில் பாலீர்ப்பு வெளிப்படையாகக் கேட்கப்பட வேண்டுவதில்லை, ஊகிக்கப்பட்டாலே போதும். குரலின் மென்மை, கையசைவு, நடை, முடியின் அளவு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மறுக்கும்போது சொல்லப்படும் காரணம் ‘தோற்றம் பொருந்தவில்லை’ என்பதாகவே இருக்கும். எனவே தோற்றப் பாகுபாடும் பாலீர்ப்புப் பாகுபாடும் இரு வேறு சிக்கல்கள் அல்ல. முன்னது பின்னதன் கருவி. தன்பாலீர்ப்பு உடையவர் மட்டுமன்றி, அவ்வாறு கருதப்படும் எவரும் இதற்கு இலக்காவர்.

‘வாடிக்கையாளர் விரும்பமாட்டார்’ என்பது இம்மறுப்புக்குக் கூறப்படும் வழக்கமான வாதம். இவ்வாதத்தை ஏற்போமாயின், தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையையும் வாடிக்கையாளர் விருப்பமென்றே ஏற்க நேரும். விருப்பத்தின் பெயரால் நின்ற விலக்கை அரசமைப்பு ஒருமுறை மறுத்துவிட்டது. விற்பனைத் தளத்தில் அது வேறு பெயரில் திரும்புவதை ஆய்வுலகம் கண்டுகொள்ள வேண்டும்.

சட்டத்தின் இடைவெளி

தமிழகத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியும் திருநங்கையுமான ஷானவி பொன்னுசாமி, ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண் பதவி மறுக்கப்பட்டதாகக் கூறி 2017இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வாடிக்கையாளர் சேவையில் முன்பே பணியாற்றியவர் அவர். 2022இல் நீதிமன்றம், திருநர் வேலைவாய்ப்புக்கான கொள்கையை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்குப் பணித்தது. இடையில் கழிந்த ஆண்டுகளே வழக்கின் பாடம்.

2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் அதன் காப்பு திருநருக்கே உரியது. 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பைக் குற்றப் பிடியிலிருந்து விடுவித்தது. தனியார் ஆட்சேர்ப்பில் பாலீர்ப்பைக் காக்கும் தனிச்சட்டம் அதைத் தொடர்ந்து பிறக்கவில்லை. கர்நாடகம் 2021இல் திருநருக்கு அளித்த 1 விழுக்காடு இடஒதுக்கீடும் அரசுப் பணிகளுக்கே உரியது. அத்திப்பள்ளியின் தனியார் கடையை அது தொடாது. அதே ஆண்டில் தமிழகம் கடைப் பணியாளர்க்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கியது. நின்றே தேய்ந்த கால்களைச் சட்டம் கண்டது. வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும் முகத்தை அது இன்னும் காணவில்லை.

முடிவுரை

ஆராயப்பட்ட பனுவல்கள் வழி மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ‘நல்ல தோற்றம்’ என்னும் வரையறையற்ற தகுதியே பாலீர்ப்புப் பாகுபாட்டின் புழங்குவழி. இரண்டு, திருநர் தன்வரலாறுகள் அடையாளத்தின் ஆவணங்களாக இருப்பதோடு வேலை மறுப்பின் ஆவணங்களாகவும் உள்ளன. இவற்றின் நேர்காணல், ஊதியம், பணிநீக்கம் ஆகிய பகுதிகள் தனித்து ஆராயத்தக்கவை. மூன்று, திருநராக அன்றி, பெண்தன்மை கொண்ட ஆணாகவோ ஆண்தன்மை கொண்ட பெண்ணாகவோ வேலை தேடுவோரின் அனுபவம் இவ்விரு நூல்களின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஓசூர் போன்ற பன்மொழி எல்லைப்புறங்களில் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டுவதன் மூலம் தமிழாய்வு அவ்விடத்தை நிரப்ப இயலும். திரட்டுவோர் ‘நீங்கள் யார்?’ என்பதோடு நில்லாமல், ‘உங்களுக்கு எந்த வேலை, என்ன சொல்லி மறுக்கப்பட்டது?’ என்பதையும் கேட்டல் வேண்டும்.