எந்தப் பெட்டியில ஏறணும்?

என் பெண் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரியும் ஐந்து வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தோம். அந்த ஐந்து வாரத்தில் என் போனில் விரல் அதிகம் பட்டது சிட்டிமேப்பர் ஆப்பின் மேல்தான். 2011இல் லண்டன் பஸ்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்தது, 2023இல் வியா நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது, பஸ், ரயில், நடை மூன்றையும் கலந்து வழி காட்டும் என்பதெல்லாம் ஊரறிந்த கதை. ராக்கெட்டை முதுகில் கட்டிக்கொண்டு பறந்தால் எத்தனை நிமிஷம் என்று ஒரு வரி விளையாட்டுக்குக் காட்டுமே, அதுவும் பழசு. நான் சொல்ல வந்தது அதில் வரும் ஒரு குட்டிப் படத்தைப் பற்றி.

வழி தேடினால் ரயில் ஏறும் இடத்தில் சின்னதாக ஒரு ரயில் படம் இருக்கும். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று அதில் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் காட்டியிருக்கும். அங்கே ஏறினால், இறங்கும்போது வெளியே போகும் வழியோ அடுத்த ரயிலுக்கான எஸ்கலேட்டரோ பக்கத்திலேயே இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

காட்பாடி பிளாட்பாரத்தில் எஸ்-4 எங்கே நிற்கும் என்று தெரியாமல், ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பேத்தியுமாக ஓடியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முதல் வாரம் நான் அதைச் சட்டை செய்யவில்லை. ஹைகேட் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி மான்யுமென்ட்டில் இறங்கி, பூமிக்கடியிலேயே பேங்க் ஸ்டேஷனுக்கு நடந்து, நார்தர்ன் லைன் பிடிக்க வேண்டும். பேர்தான் இரண்டு, உள்ளே ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட ஒரே பொந்து. காலியாக இருக்கிறதே என்று கைக்கெட்டிய பெட்டியில் ஏறினோம். இறங்கியதும் பிளாட்பாரம் முழுக்க ஆபீஸ் கூட்டம், நாங்கள் வால் பக்கம். "ஏங்க, மலைக்கு நடந்த மாதிரி இருக்கே" என்றாள் வீட்டுக்காரி, முட்டியைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆப் சொன்ன இடத்தில் போய் நின்றேன். கதவு திறந்தது. ஏழெட்டு எட்டில் வழிகாட்டிப் பலகை. எங்களுக்குப் பின்னால் அந்தக் கூட்டம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரன் உள்ளூர்க்காரனை முந்திப் போகிற சுகம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. முருகனை அன்று நிதானமாகக் கும்பிட்டோம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் வண்டி ஏழு பெட்டி, சுமார் 117 மீட்டர். தினமும் ஒரே இடத்தில் நிற்கும். வெளிவழி பல ஸ்டேஷன்களில் ஒரு கோடியில்தான் இருக்கும். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து குறித்தால் போதும். குறித்திருக்கிறார்கள், அதற்குத்தான் என் கும்பிடு.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். லண்டன் பஸ்ஸில் 2014 முதல் காசு வாங்குவதில்லை, கார்டுதான். நான் இருந்தபோது ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் இனாம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் கார்டை வைத்தால் போதும், ரயிலில் ஏறவும் வைக்கணும், இறங்கவும் வைக்கணும். காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு இருக்கும் போன் என்று மாற்றி வைத்தால் இரண்டு ஆளாகக் கணக்காகி, ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பின் லாபம் போய்விடும். சுரங்கத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் வராது. மேலே இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நம் சார்ஜரின் உருண்டைப் பின் அங்கே நுழையாது. பவுண்டை ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கத்தைச் சென்னை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டீ இறங்காது.

கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறலாம் என்றேன். சுழல் படிக்கட்டு, 193 படி. அலிபிரியில் 3,550 படி ஏறின குடும்பம்தானே நாம் என்று வேறு சொல்லிவிட்டேன். "அங்க மேல சாமி இருக்காரு. இங்க மேல என்ன இருக்கு?" என்றாள். லிஃப்ட்டில்தான் போனோம். உண்மையில் லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கு ரயிலே வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

இங்கே நம் ஊரில் நான் வைத்திருக்கும் மேப் ஆப் வேறு, பேர் வேண்டாம். புத்தலப்பட்டில் ரோடு பீலேர் பக்கமும் திருப்பதி பக்கமும் பிரிகிற இடம் வரைக்கும் ஒழுங்காகத்தான் வரும். காணிப்பாக்கம் போகணும் என்றால் போதும், உற்சாகமாகிவிடும். ஒரு தடவை ஏரிக்கரை மேல் ஏற்றி, மாந்தோப்பு வழியாக யாரோ ஒருவர் வீட்டுக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே காய வைத்திருந்த புளியைப் பார்த்துக்கொண்டே காரை ரிவர்ஸ் எடுத்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா "கானிப்பாகமா? அட்ல பொய்யேதி" என்று வந்த வழியையே காட்டினார்.

லண்டன் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். புத்தலப்பட்டு ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினால், எந்தப் பெட்டி திருப்பதியில் மேம்பாலப் படிக்கு எதிரே நிற்கிறது என்று குறிக்கிறேன். முதல் தடவை பின்னாலிருந்து மூன்றாவது. இரண்டாவது தடவை பின்னாலிருந்து ஐந்தாவது. வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறோம். நாலாவதில் ஏறிப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன்.